கோஸ்டெலின் நெற்றிச் சூடு

என் பெயர் வீப்கே ஓல்ட்மன்ஸ். வயது 15. தந்தை பெயர் கெர்ட் ஓல்ட்மன்ஸ். ஜெர்மனி, கீழ் சாக்சனி மாநிலம், ஹைட்ப்ரோக் கிராமத்தில் அஸ்பாரகஸ் என்ற காய்த்தண்டு விளையும் எங்கள் பண்ணையிலேயே பெற்றோருடன் குடியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளி மூடியிருக்கிறது.

2020 ஏப்ரல் 9 அன்று ருமேனியாவிலிருந்து தனி விமானத்தில் பதினாறு பேர் அறுவடைக்கு வந்தார்கள். அறைக்கு எட்டுப் பேர். ஓர் அறையில் உறங்குகிறவர்கள் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எட்டுப் பேரையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. தினமும் காலை ஆறு மணிக்கு அவர்கள் நெற்றியில் துப்பாக்கி வடிவ வெப்பமானிக் கருவியைக் காட்டி, வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். கருவியோடு வந்த விளக்கப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 20 அன்று கோஸ்டெல் முந்தேயானுக்கு 38.9 டிகிரி செல்சியஸ் காட்டியது; அது காய்ச்சல். அவருக்கு வயது 57. பதினோரு ஆண்டுகளாக எங்களிடம் வருகிறவர்.

"பாப்பா, உன் துப்பாக்கிக்கு வயசானவங்களக் கண்டாலே ஆகாது போல" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி ரோடிகா சிரிக்கவில்லை.

நான் அப்பாவை அழைத்தேன்.

"அவனக் கொஞ்ச நேரம் காத்துல நிப்பாட்டிட்டு மறுபடி பாரு."

"உள்ள உக்கார வெச்சுத்தான் பார்க்கணும்னு புத்தகத்துல போட்டிருக்குப்பா."

"புத்தகமா வந்து தண்டு வெட்டப்போகுது?"

உணவகங்கள் மூடியிருந்ததால் ஒரே ஒரு அங்காடி நிறுவனம்தான் எங்கள் சரக்கை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் தவறினாலும் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வெள்ளைத் தண்டு மண்மேட்டைப் பிளந்து வெயிலைக் கண்டால் ஊதாவாகிவிடும். அதை அவர்கள் வாங்குவதில்லை.

அதன் பிறகு கோஸ்டெலின் தொப்பியைக் கழற்றி, கொட்டகைக்குப் பின்னால் குளிர்காற்றில் பத்து நிமிடம் நிறுத்தினோம். 36.7 காட்டியது. அதை எழுதினேன். அவர் வயலுக்குப் போனார். 21 அன்றும் அப்படியே செய்தோம். 22 அன்று இருபது நிமிடம் தேவைப்பட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மதியம் ரோடிகா எங்கள் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"முதலாளி, அவருக்கு மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

அப்பா குறிப்பேட்டைக் காட்டினார். "முப்பத்தாறு புள்ளி எட்டு. என் பொண்ணு கையெழுத்து. இவ பொய் எழுதுவாளா?"

"பாப்பா, நீ சொல்லு" என்றார் ரோடிகா.

"முப்பத்தாறு புள்ளி எட்டு" என்று சொன்னேன்.

23 அன்று காலை 5.40 மணிக்குக் கோஸ்டெல் படுக்கையில் இறந்து கிடந்தார். அப்பா மருத்துவருக்குத் தொலைபேசினார். அதன் பிறகு, "டாக்டர் வர்றதுக்குள்ள ரெண்டு வரிசை முடிச்சிடலாம்" என்று மற்ற ஆறு பேரை வயலுக்கு அனுப்பினார். அதன் பிறகு என்னிடம், "இன்னைக்கானதையும் எழுதி வெச்சிடு" என்றார்.

நான் கருவியோடு அறைக்குப் போனேன். ரோடிகா அவர் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் சொன்னபடி மூன்று விரல் தூரத்தில் பிடித்தேன். கருவியில் எண் எதுவும் வரவில்லை. 36.5 என்று எழுதினேன்.

"எவ்வளவு, பாப்பா?" என்று ரோடிகா கேட்டார்.

போலீசார் எழுதிய இந்த வாக்குமூலத்தை நானே படித்துப் பார்த்தேன். தவறாகப் பதிவாகியிருந்த இரண்டு எண்களைத் திருத்தினேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. நான் சிறுமி என்பதால் அம்மாவும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அம்மா மறுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

(ஒப்பம்) வீப்கே ஓல்ட்மன்ஸ்
24.04.2020