வைத்தியர் கஜனியின் அட்டைகளைத் தரமாட்டேன்

மதிப்புக்குரிய கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் திரு. ஐயாத்துரை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நாற்பத்திரண்டு வயது மகள் கஜனியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னபாக்கியம் அம்மா அவர்களே, கண்டாவளை மக்களே!

நம் வைத்தியசாலையில் வைத்தியர் கஜனியின் அறைக்கு அடுத்த அறையில் ஒன்பது ஆண்டுகள் நோயாளரைப் பார்த்தவள் நான். புகழ்ந்து பேச எனக்கு வராது. சற்று முன் தலைவர் ஒன்று கேட்டார். கஞ்சா பழகிய இளைஞர்களைப் பற்றிக் கஜனி எழுதிவைத்த அட்டைகளைச் சங்கத்திடம் தந்தால் ஊரைத் திருத்திவிடலாம் என்றார். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். அந்த இளைஞர்களுக்கென்று வியாழக்கிழமைகளில் ஒரு கிளினிக்கைக் கஜனி தொடங்கியபோது நான் நம்பவில்லை. பேசிக் கஞ்சாவைக் குறைக்க முடியுமா? முதல் வியாழன் ஏழு பேர் வந்திருந்தார்கள். சனம் நிறைந்த விறாந்தையில் நின்று நான் உரக்கக் கூப்பிட்டேன்: "கஞ்சா கிளினிக்குக்கு வந்த ஆக்கள் இங்கால வாங்கோ!"

ஏழு பேரும் எழுந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கஜனி என்னைக் கடிந்தாரா? இல்லை. "கூப்பிட்டது உங்கட பிழை அக்கா. தனியா ஒரு நாள் வைச்சது என்ர பிழை" என்றார். அன்றே கிளினிக் பலகையைக் கழற்றினார். அதன்பின் எந்த இளைஞர் எதற்கு வந்தாலும் ஒரே கேள்விதான். காய்ச்சலா? கேட்பார். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குச் சான்றிதழா? கேட்பார். நாய்க்கடியா? அதற்கும் கேட்பார்! எல்லோரிடமும் கேட்டதால் எவர்மீதும் ஊரின் கண் விழவில்லை.

நாய்க்கடி ஊசிக்கு ஒருவர் வந்தார். பெயர் சொல்லமாட்டேன்.

"போன கிழமை எத்தனை நாள் கஞ்சா?"

"நாய் கடிச்சதுக்கும் அதுக்கும் என்ன டொக்டர்?"

"நாயிட்டயும் கேட்டிருப்பன். அது வரேல்லை."

அவர் சிரித்துவிட்டார். "ஏழு நாளும்" என்றார். கஜனி அறிவுரை சொல்லவில்லை. "ஒரு நாளைக் குறைச்சுப் பாரும். அடுத்த ஊசிக்கு வரேக்க சொல்லும்."

அடுத்த ஊசிக்கு ஆறு. பிறகு நான்கு. கடைசி ஊசியன்று மறுபடியும் ஆறு. கஜனி முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்து நின்றார்.

"இப்ப எந்த நாய்?"

"நாய் ஒண்டும் இல்லை டொக்டர். போன கிழமை ரெண்டு நாள்தான். சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

குறைத்தால் போதுமா, அடியோடு நிறுத்தினார்களா என்று கேட்கிறீர்கள். எல்லோரும் நிறுத்தவில்லை. சிலர் குறைக்கவும் இல்லை. ஆனால் திரும்பி வந்தார்கள்! நான் விரட்டிய ஏழு பேரில் நால்வர் பின்னர் கஜனியிடம் வந்தார்கள். மூவர் இன்றுவரை வரவில்லை. ஒரு பெயரையும் சொல்லாமல், ஒரே ஒரு சத்தத்தால் நான் இழந்தது மூன்று பேரை. பெயர்ப் பட்டியலைச் சங்கத்தில் வைத்தால் நாம் எத்தனை பேரை இழப்போம்?

தலைவர் அவர்களே, அட்டைகள் என் அறை அலுமாரியில் பூட்டி இருக்கின்றன. திறப்பு என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். மேலிடத்துக்கு எழுதுங்கள், அங்கும் இதையே சொல்வேன். என்னை இடம் மாற்றுங்கள். அட்டைக்குரியவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகமாட்டேன்!

கஜனி, நாளை காலை எட்டு மணிக்கு உங்கள் அறையை நான் திறப்பேன். வருகிற ஒவ்வோர் இளைஞரிடமும் உங்கள் கேள்வியைக் கேட்பேன். தலைவர் அவர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இருமலென்று வந்தாலும் கேட்பேன்.

அந்தப் பிள்ளை சொல்லும் பதிலை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.