பன்னிரண்டு எண்ணும் வரை

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. இவ்வளவு வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் கண்ணு.

அணை கட்டி நாற்பது வருடமாகிறது, கண்காட்சி வைக்கிறோம், பழைய படங்கள் வேண்டும் என்றீர்கள். அந்தப் பெட்டியில் நூற்றுப் பதினொரு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கடைசித் தகட்டின் கீழே என்ன எழுதலாம் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் நேரமாகும்.

ஆற்றை மறித்து, குழாயில் இறக்கி, சக்கரம் சுழற்றி விளக்கு எரிப்பார்களாம் என்றபோது பாதிப் பேர் சிரித்த காலம் அது. கம்பெனி முதலாளிகள் தூரத்து நகரத்தில் இருந்தார்கள். வாரம் ஒரு படம் போனால்தான் சுவர் வளர்கிறது என்று நம்புவார்கள். படமெடுக்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. இருட்டறை மருந்துகளோடு பழகிப் பழகி இரண்டாம் வருடமே அவருக்குக் கண் மங்கியது. மூன்றாம் வருடம் சுத்தமாகப் போய்விட்டது. அதன்பின் கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனது நான்தான். நகரத்துக்குத் தெரியாது. அணையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்கள்.

பள்ளத்தாக்கில் வெளிச்சம் குறைவு. சுவரின் அடியும் முடியும் ஒரே தெளிவாக வர லென்ஸின் வாயைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் மூடியை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு எண்ண வேண்டும். ஆள் நின்றால்தான் சுவரின் உயரம் தெரியும் என்பதால், சாரத்தின் பலகையில் ஒன்பது பேரை நிறுத்துவோம். ஒரு விசில் ஊதினால் அசையக்கூடாது. மறு விசில் வரும்வரை கொசு கடித்தாலும் அசையக்கூடாது. இதை அவர்களுக்குப் பழக்கியவன் என் தம்பி. கல்தச்சர்களுக்கு அவன் மேஸ்திரி.

ஒருவன் மட்டும் பழகவில்லை. வெட்டுக்கிளி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். நிற்கச் சொன்னால்தான் அவனுக்கு முதுகு அரிக்கும்.

"அக்கா, மூச்சு விட்டாக்கூடப் படத்துல தெரியுமா?"

"நீ வாயை மூடுடா, மூச்சை அப்புறம் பாத்துக்கலாம்" என்பான் தம்பி.

"படத்துல இவன் பேய்தான் மேஸ்திரி, விடுங்க" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். ஆனால் அவனால் மூன்று வாரப் படங்கள் தொடர்ந்து கெட்டன. தலைமை இன்ஜினியரிடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு படம் கலங்கினால் வேறு ஆள் வருவார், கம்பெனி கொடுத்த வீட்டை மறுநாளே காலி செய்யுங்கள் என்று. கண் தெரியாத மனிதர், கைக்குழந்தை ஒன்று, வயிற்றில் ஒன்று. நான் எங்கே போவேன், நீங்களே சொல்லுங்கள். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது, வீட்டைப் பற்றிய வரியில் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் காலையில் என்னிடம் ஒரே ஒரு தகடுதான் மிச்சம். அடுத்த பெட்டி வரப் பத்து நாள். மத்தியானத் தபாலில் படம் போயாக வேண்டும்.

"இன்னைக்கு எவனாவது அசைஞ்சா அக்கா நடுத்தெருவுல நிக்கும்" என்று தம்பி அவர்களிடம் சொல்லியிருந்தான். நான்தான் சொல்லச் சொன்னேன். வெட்டுக்கிளிகூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

விசில் ஊதினேன். மூடியை எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன்.

ஐந்தில் ஏதோ அசைவது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால், தலைக்கு மேலே, கிரேனில் ஒரு பெரிய கல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய வடத்தின் புரிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கல் மெதுவாகச் சுழன்றது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்து நின்றார்கள். விசில் என் உதட்டில்தான் இருந்தது.

ஆறு என்றேன். ஏழு என்றேன்.

எட்டில் வெட்டுக்கிளி ஓடினான். "நில்லுடா" என்றான் தம்பி, உதடு அசையாமல். தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். மற்றவர்களும் நின்றார்கள்.

பன்னிரண்டில் மூடியைப் போட்டேன். விசிலுக்கு மூச்சை இழுத்தபோது வடம் அறுந்தது. பலகையோடு எட்டுப் பேரும் அஸ்திவாரப் பள்ளத்துக்குள் போனார்கள்.

அவர்களை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தபோது நான் இருட்டறையில் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தபாலுக்கு நேரமாகியிருந்தது. வெளியே அலறல் கேட்டு வீட்டுக்காரர் தடவித் தடவிக் கதவுக்கு வந்தார்.

"என்ன சத்தம்?"

"சாரம் சரிஞ்சிருச்சு."

"உன் தம்பி?"

நான் தகட்டைத் திருப்பிப் போட்டுக் கழுவினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "படம்?" என்றார்.

"தெளிவா வந்திருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் வெட்டுக்கிளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓடிப்போய்ப் பலகையிலிருந்து குதித்ததில் கால் முறிந்திருந்தது.

"ஏன்டா அசைஞ்ச?" என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். "உங்க கண்ணு மேல போச்சு அக்கா. மேல பாத்துட்டு மறுபடி எங்களைப் பாத்தீங்க. ஆனா ஊதல."

விசாரணையிலும் அதையே சொன்னான். நான் வேறு சொன்னேன். விசில் ஊதிய பிறகே வடம் அறுந்தது, அதற்கு முன்பே இவன் சாரத்தை உதைத்துக்கொண்டு ஓடினான், கிரேனின் கால்கள் அதே சாரத்தில்தான் ஊன்றியிருந்தன, படத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். எட்டுப் பேர் தெளிவாக நிற்க, ஓரத்தில் ஒருவன் மட்டும் புகையாய்க் கலைந்திருந்தான். அவன் உடம்பு வழியாகச் சுவர்க்கல் தெரிந்தது. எட்டு உயிருக்கும் அவன்தான் காரணம் என்று எழுதினார்கள். அதன்பின் எந்த அணையிலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஊன்றுகோலோடு ஊர் ஊராக அலைந்தான் என்று கேள்விப்பட்டேன். எங்கே செத்தான் என்று யாருக்கும் தெரியாது. எங்களை வீட்டைவிட்டு யாரும் அனுப்பவில்லை. பிள்ளைகள் இரண்டும் இந்தக் கூரையின் கீழ்தான் வளர்ந்தன.

நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். போதவில்லை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். எட்டில் கிளம்பியவன் பிழைத்தான் கண்ணு. நான் ஐந்தில் பார்த்தேன். ஊதியிருந்தால் ஒன்பது பேரும் நடந்தே இறங்கியிருப்பார்கள். எட்டுப் பேரையும் நான்தான் கொன்றேன் என்று கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

தகட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோங்கள். நடுவில் நிற்பவன்தான் என் தம்பி, சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். அவனுக்கு வேறு படமே கிடையாது. அன்று நானும் எடுக்காமல் விட்டிருந்தால், அவன் முகம்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.