வாக்கியம் இல்லாத சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பக மேலாளர் அவர்களே, அகராதித் துறையின் துணையாசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும், நம் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாவின் கணவர் ஐயா அவர்களே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அச்சுக்கூடத்துத் தோழர்களே! எல்லோரையும் வணங்குகிறேன். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பிறர் எழுதியதில் பிழை பார்ப்பவன். என் பேச்சில் பிழை இருந்தால் இன்று ஒரு நாள் கண்டுகொள்ளாதீர்கள்.

நம் தலைமைப் பதிப்பாசிரியர் மறைந்துவிட்டார். ஆனால் நாம் அவரை அப்படியா அழைத்தோம்? வாக்கியத்தம்மா! அதுதானே நாம் வைத்த பெயர்? வெறும் பொருளை எழுதிக்கொண்டு போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "பொருள் கெடக்கட்டும். யாராவது சொல்லி உங்க காதால கேட்ட வாக்கியம் ஒண்ணு குடுங்க" என்பார். மேசையில் உட்கார்ந்து நாமாகக் கட்டிய வாக்கியத்தை மோப்பம் பிடித்துவிடுவார். "இது வாயில இருந்து வரல, பேனாவுல இருந்து வந்திருக்கு" என்று திருப்பி அனுப்புவார். பேருந்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் நாமெல்லாம் ஒதுங்கி நிற்போம். அம்மா நெருங்கி நிற்பார்! ஒருமுறை சண்டைக்காரரிடமே, "கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டாராம். அதோடு சண்டை நின்றுபோனது.

அப்படிப்பட்டவர் தொகுத்த அகராதியில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் வாக்கியம் இல்லை. 'கொட்டித் தீர்' என்ற சொல். பொருள் இருக்கிறது, அதன் கீழே வெற்றிடம். வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நிர்வாகம் விளக்கம் கேட்டது. வாக்கியம் விட்டுப்போனால் யார் தலை உருளும்? மெய்ப்புப் பார்த்தவன் தலைதான், என் தலைதான்! கூட்டத்தில் அம்மா எழுந்தார். "விட்டது நான்" என்றார். உட்கார்ந்துவிட்டார். ஒரு காற்புள்ளி தவறினால் உறங்காத மனுஷி, ஊரறியப் பிழையை ஏற்றுக்கொண்டார், காரணம் மட்டும் சொல்லவில்லை!

புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. அந்த இடத்தை எதையாவது எழுதி நிரப்பிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. அம்மா எதைக் காப்பதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டார் என்று தெரியாமல் அதை நிரப்பலாமா? தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். ஆகவே பேசுகிறேன்.

என் அண்ணன் இறந்த சமயம் அது. தகப்பன் இல்லாத என்னை ஆளாக்கியவர். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உறவுகள் காதுபடப் பேசின. நான் பாட்டுக்கு வேலைக்கு வந்தேன், பிழை பார்த்தேன், போனேன்.

ஒரு மதியம் அம்மா மெய்ப்போடு என் அறைக்கு வந்தார். "பிழைக்காரரே, இந்தச் சொல்லுக்கு உணர்ச்சிய முழுசா வெளிப்படுத்துறதுன்னு பொருள் எழுதியிருக்காங்க. எனக்குப் பத்தல. குமுறுறது உள்ளுக்குள்ளேயே நடக்கும். பொருமுறதுல பாதிதான் வெளிய வரும். பொலம்பறவங்க நாளைக்கும் பொலம்புவாங்க. இதுல 'தீர்'னு ஒண்ணு இருக்கே, அது எப்படித் தீருது? நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் வரவில்லை ஐயா, அண்ணன் வந்தார்! அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் செருப்பு வந்தது. கடைசியில் நாங்கள் பேசாமல் இருந்த காலம் வந்தது. கொள்ளிக்கு முன் அவர் காலைத் தொடத் தயங்கியது வந்தது. தேநீர் ஆறிப்போனது, அலுவலகம் காலியானது. நான் நிறுத்தவில்லை. அம்மா ஒரு முறையாவது "அழாதீங்க" என்று சொல்லியிருப்பாரா? சொல்லவில்லை! ஊரெல்லாம் சொல் பொறுக்கியவர், அன்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு பேனாவைத் திறந்தார். என் வாக்கியத்தை எடுக்கவில்லை. பொருளுக்கு முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார். 'ஒருவரிடம்.' ஒருவரிடம் உணர்ச்சியை முழுவதும் வெளிப்படுத்துதல். "கேக்க ஆள் இல்லாட்டி தீராது, இல்ல?" என்றார். வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தைக் கோடிட்டு அடித்தார். "இது அச்சுக்கு இல்ல" என்றார்.

எப்பேர்ப்பட்ட மனம் அது! வாழ்நாள் முழுக்கத் தேடிய உயிருள்ள வாக்கியம் மடியில் வந்து விழுந்தபோது அதை எடுக்காமல் விட எத்தனை பேரால் முடியும்? ஐயா, அன்று வீட்டுக்குத் தாமதமாக வந்த அம்மா உங்களிடம் என்ன சொன்னார் என்று நேற்றுக் கேட்டேன். "வேலை இருந்துச்சுன்னு சொன்னா" என்றீர்கள். உங்களிடம்கூடச் சொல்லவில்லை!

தோழர்களே, அவருடைய பணியைத் தொடர்வோம் என்று மேடைகளில் உறுதி சொல்வது சுலபம். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இடத்தில் மேசையில் கட்டிய வாக்கியம் எதுவும் வேண்டாம். அம்மா எனக்காகக் காலியாக வைத்த இடம் அது, நானே தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்:

'அண்ணன் செத்த துக்கத்தை அம்மாகிட்ட கொட்டித் தீர்த்தேன். அவங்க சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.'

வாயிலிருந்து வந்தது. நீங்கள் எல்லோரும் காதால் கேட்டீர்கள். இனி இதை அச்சேற்றலாம்.