417-ஐத் தவிர

தமிழிலேயே எழுதித் தர வேண்டும் என்று மன்றச் செயலவை கேட்டுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். சிங்கப்பூர் ஓ லெவல் தேர்வில் தமிழுக்கு ஏ2 வாங்கியவன் நான். அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து எழுதும் முதல் கட்டுரை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் திலீப். வயது நாற்பத்து நான்கு. தெம்பனிஸில் நாலறை வீடு, மனைவி, ஒரு பையன். சிராங்கூன் சாலையில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நம் நேச மன்றத்தின் திருமணத் தகவல் இணையப்பக்கத்தை 2017-இல் கட்டிக் கொடுத்தவன். காசு வாங்காமல், தொண்டூழியமாகத்தான் செய்தேன். ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினீர்கள், நினைவிருக்கும்.

நான் செய்த வேலை என்ன என்று தலைவர் கோவிந்தராசு ஐயா அன்றும் கேட்டார், போன வாரமும் கேட்டார். எளிதாகவே சொல்கிறேன். இணையப்பக்கம் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் மாதிரி. மேசை, மெனு, விளக்கு எல்லாம் அங்கே. டேட்டாபேஸ் பின்னாலிருக்கும் சமையலறை. வரன்களின் விவரங்கள் ஓர் அட்டவணையில், யார் யாருக்கு விருப்பம் தெரிவித்தார்கள் என்பது இன்னோர் அட்டவணையில். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு அட்டவணைகளையும் அந்த எண்தான் சேர்த்து வைக்கிறது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்பதைச் சமையலறையில் சொல்லி வாங்கி வந்து வைப்பதுதான் நான் எழுதிய நிரல், அதாவது புரோகிராம். பரிமாறுகிறவன் வேலை. உள்ளே மாவு இருந்தாலும், "தோசை முடிஞ்சிடுச்சு" என்று அவன் சொல்லிவிட்டால், அந்த மேசைக்குத் தோசை முடிந்துவிட்டது.

என் தங்கை நிரஞ்சனாவின் எண் 417.

அவளை நானேதான் பதிவு செய்தேன். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. மார்சிலிங்கில் அம்மாவோடு இருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அம்மா பூவம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். "அண்ணே, என் பேரையும் போட்டுடு லா. எத்தனை நாளைக்குத்தான் அம்மாவோட மூஞ்சியையே பாத்துட்டு இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வாயாடி அவள். தன்னைப் பற்றி இருபது வரி எழுதி அனுப்பினாள். எல்லாவற்றையும் போட்டேன். படமும் நல்ல படம்.

இரண்டாம் வாரமே ஒருவர் விருப்பம் தெரிவித்தார். ஜூரோங்கில் ஆசிரியர். நல்ல தமிழில் நாலு வரி எழுதியிருந்தார். கடைசி வரியில், "திருமணத்துக்குப் பிறகு உங்கள் தாயார் உங்கள் அண்ணனுடன் இருப்பார்கள், அல்லவா?" என்று பணிவாகக் கேட்டிருந்தார். அவளுக்குப் போகும் முன், நிர்வாகி என்ற முறையில் அதைப் படித்தேன்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். "அத்தையை இங்கயே கூட்டிட்டு வந்துடலாமே, அந்த ரூம் சும்மாதானே இருக்கு" என்றாள். சும்மா இல்லை. அங்கே என் மேசை இருக்கிறது. இரண்டு திரைகள், முதுகுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டால் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவே முடியாது. அளந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பரிமாறும் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். எல்லாரையும் காட்டு, 417-ஐத் தவிர. அவ்வளவுதான். செயலவை தன் கடிதத்தில் "அழித்துவிட்டார்" என்று எழுதியிருப்பது சரியல்ல. நான் எதையும் அழிக்கவில்லை. அட்டவணையில் அவள் பத்திரமாக இருந்தாள். ஆசிரியரின் கடிதத்தைக்கூட "பரிசீலனையில்" என்று குறித்து வைத்தேன். இன்றும் அது பரிசீலனையில்தான் இருக்கிறது.

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: "சோதனைப் பதிவு. கை வைக்க வேண்டாம்." எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு வரி எதற்காக என்று தெரியாவிட்டால் அதை யாரும் தொடமாட்டார்கள். கை வைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டாலோ, கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார்கள். 2019-இல் பக்கத்தைப் புதுப்பித்த நிறுவனம் எல்லாவற்றையும் மாற்றியது, பூப்போட்ட பின்னணியைக்கூட. அந்த வரியை மட்டும் அப்படியே எடுத்து வைத்தது. 2022-இல் வேறொரு நிறுவனம் வேறு சர்வருக்கு மாற்றியபோது, என் குறிப்புக்குக் கீழே "மிக முக்கியம்" என்று தன் பங்குக்குச் சேர்த்தது. மூன்று முறை தரச் சோதனை நடந்தது. மூன்றிலும் நாம் தேறினோம்.

மூன்றாம் மாதம் நிரஞ்சனா கூப்பிட்டாள். "அண்ணே, என் விவரத்தைப் பாத்தவங்க பூஜ்யம்னு காட்டுது. பக்கம் கெட்டுப் போச்சா?" குரல் இறங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் அல்லவா. அன்றே இன்னொரு வரி எழுதினேன். மாதாமாதம் ஒன்பதுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடையில் ஏதாவது ஓர் எண்ணை அவளுக்கு அது காட்டும். நூறு, இருநூறு என்று போட்டிருந்தால் நம்பமாட்டாள். அடுத்த முறை பேசியபோது, "பதினாலு பேர் பாத்திருக்காங்க அண்ணே" என்றாள். குழந்தை மாதிரி சந்தோஷம். இந்த வரியைப் பற்றி உங்கள் கடிதத்தில் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நான் செய்ததிலேயே அன்பாகச் செய்தது அதுதான்.

அதன் பிறகு அவள் தன் விவரங்களைத் திருத்தத் தொடங்கினாள். ஏழு ஆண்டுகளில் நாற்பத்தாறு திருத்தங்கள். டேட்டாபேஸ் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருக்கிறது. படம் மூன்று முறை மாறியது. இரண்டாவதில் கண்ணாடி இல்லை, மூன்றாவதில் முடி நேராக இருந்தது. "பட்டதாரியாக இருக்க வேண்டும்" என்பது முதலில் போனது. பிறகு "சிங்கப்பூரர்" போனது. பிறகு "மணமுறிவு பெற்றவராயினும் சரி" வந்தது. அந்த இருபது வரி பத்தானது, ஐந்தானது. 2023-இல் ஒரே வரி: "நான் அதிகம் பேசமாட்டேன்." ஒவ்வொரு திருத்தத்தையும் அனுமதிக்க வேண்டியவன் நான். ஒரு நாளுக்கு மேல் அவளைக் காக்கவைத்ததே இல்லை. அந்தக் கடைசி வரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

இந்த ஆண்டு அஃப்ரீன் தொண்டூழியராக வந்து சேர்ந்தார். கெட்டிக்காரப் பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறை தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்து, "அண்ணா, 417 யாரு?" என்றார்.

"டெஸ்ட் ரெக்கார்ட்மா. குறிப்புப் போட்டிருக்கேனே."

"டெஸ்ட் ரெக்கார்டுக்கு எதுக்கு அண்ணா நாலு போட்டோ?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் வரியை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

மூன்று வாரத்தில் ஆறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அதில் ஒருவர் பொங்கோலில் இருப்பவர், நாற்பத்தொரு வயது, பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். "அம்மா எங்களோடேயே இருக்கட்டும்" என்று கேட்காமலேயே எழுதியிருந்தார். நல்ல மனிதர். இதைப் படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. மார்சிலிங்குக்குப் போனேன். ஒன்றே கால் மணி நேரப் பயணம். ஆறு கடிதங்களையும் அவளிடம் காட்டினேன்.

அவள் அம்மாவின் மருந்துகளைப் பெட்டியில் நாள்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் அண்ணே. ஏழு வருஷமா மாசாமாசம் பதினஞ்சு இருபது பேர் பாத்தாங்க. ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கல. அவங்க அத்தனை பேருமா தப்பா சொல்லியிருப்பாங்க? இவங்களும் நேர்ல பாத்தா போயிடுவாங்க. விட்டுடு."

வற்புறுத்தினேன். "நீ நல்லவன் அண்ணே. நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் என் பேரை எடுக்காம வச்சிருந்தே" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

நடந்ததை அவளிடம் நானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மன்றம் சொல்லும் என்று மாத இறுதிவரை தவணை கொடுத்திருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். இரண்டு வரிகளையும் எழுதியவன் நான்தான், தெரிந்தேதான் எழுதினேன், யாரும் தூண்டவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நிரல் எழுதுபவர்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளும் ஒன்றைச் செயலவை கருத்தில் கொள்ள வேண்டும். சந்தேகமான வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் அதே விடை வந்தால், பிழை அந்த வரியில் இல்லை.

வரியை எடுத்தாகிவிட்டது. அவள் இன்னும் மார்சிலிங்கில்தான் இருக்கிறாள். பிழையை நீங்கள் வேறு எங்காவதுதான் தேட வேண்டும்.