வடக்குப் பள்ளத்தில் எண்பது சென்டிமீட்டர்

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் அதிகமாகிவிடும். ஹிமேஜியிலிருந்து கூப்பிடுவார்கள், கோபேயிலிருந்து கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இந்த வருடம் சீசன் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா? நவம்பர் முடிவதற்குள் வாங்கினால் விலை குறைவு. ஆனால் நவம்பரில் உட்கார்ந்துகொண்டு ஜனவரியில் பனி கொட்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் என்னைக் கேட்பார்கள். தோச்சிகுரா பனிச்சறுக்கு மலையில் இருபத்தேழு குளிர்காலம் ரோந்து வேலை பார்த்தவன் நான். காலை ஆறரை மணிக்கு அளவுக் கம்பத்தின் முன்னால் நின்று பனியின் ஆழத்தைப் பார்த்து, டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் எழுதுகிறவனும் நான்தான்.

எங்கள் மலை அப்படி ஒன்றும் உயரமில்லை. கடலிலிருந்து வரும் காற்று மனது வைத்தால் ஒரே இரவில் இடுப்பளவு கொட்டிவிடும். மனது வைக்காவிட்டால் ஜனவரி முழுக்க மழைதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை, ஆட்களை உச்சிக்கு ஏற்றுகிற லிஃப்ட் ஓடும். இதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஓடியது பதினொரு நாள்.

செகினே கோஹெய்யைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். என்னிடம் முதலில் கேட்கிற ஆள் அவர்தான். ஹிமேஜியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிக்கிற வேலை. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். நல்ல மனிதர். செத்துப்போனவர் என்பதற்காகச் சொல்லவில்லை. லிஃப்ட் வரிசையில் அவர் நின்றால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் பாஸ் வாங்கினால் அவரைப் பார்த்து நாற்பது பேர் வாங்குவார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டால் அந்த நாற்பது பேரும் வரமாட்டார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, எங்கள் மேலாளர் யொனேதா அளவுக் கம்பம் வரைக்கும் வந்தார். அவர் வழக்கமாக அங்கே வருகிறவர் இல்லை.

"பலகையில ஐம்பதுன்னு எழுதிடு, மொகி."

"முப்பதுதான் இருக்குங்க."

"முப்பதுன்னு பார்த்தா எவன் வருவான்? நீயும் நானும் மட்டும் லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டிருக்க வேண்டியதுதான்."

எழுதினேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. உச்சியில், மரங்களுக்கு நடுவில், ஐம்பது இருந்த இடங்களும் உண்டு.

அன்று பத்து மணி இருக்கும். செகினே சட்டைப்பையிலிருந்து இரும்பு அளவுகோல் ஒன்றை எடுத்து, லிஃப்ட் வரிசைக்குப் பக்கத்திலேயே பனியில் குத்தினார். குனிந்து பார்த்தார். இருபத்தெட்டு. சுற்றி முப்பது பேராவது நின்றிருப்பார்கள்.

"நம்ம மொகி சான் ஊர்ல சென்டிமீட்டர் கொஞ்சம் குள்ளம் போல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நூடுல்ஸ் கடை ஜன்னலில் கரண்டியோடு நின்ற பெண்ணும் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்கு அதுவே பெயராகிவிட்டது. 'குள்ள சென்டிமீட்டர் வர்றாரு, வழி விடுங்க' என்பார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை வருகிறவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள். இருபத்து நான்கு வருடம் உள்ளதை உள்ளபடி எழுதியவனுக்கு, ஒரு காலையில் எழுதிய ஒரு எண்ணால் வந்த பெயர்.

மதியம் செகினே என்னைத் தேடி வந்தார். சூடான காபி டப்பா ஒன்றைக் கையில் திணித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மொகி சான். ஆபீஸ்லதான் எழுதச் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். உங்களச் சொல்லல."

நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அளவுக் கம்பத்தைத் துணியால் தேய்த்துக் கழுவினேன். எண்கள் அழிந்துபோகும் அளவுக்குத் தேய்த்ததாக மற்ற ரோந்துக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது பழைய வண்ணம். தானாகவே உரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவதில்லை. என் மனைவி இருந்தவரை அவளும் இதையேதான் சொல்வாள், உங்களுக்குக் கோபமே வராதா என்று.

போன அக்டோபரில் யொனேதா எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். முன்னூறு பாஸ் விற்கவில்லை என்றால் லிஃப்டைக் கழற்றி விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து செகினே கூப்பிட்டார்.

"உள்ளதச் சொல்லுங்க மொகி சான். வாங்கலாமா?"

"வாங்குங்க."

"போன வருஷம் பதினொரு நாள்தான். வீட்ல மிசாத்தோ அடிக்காத குறை. அந்தக் காசுக்கு ஒரு தடவை ஹொக்கைடோவே போயிட்டு வந்துடலாம்ங்கிறா."

"இந்த வருஷம் கடல் சூடா இருக்கு. அதுமேல குளிர்காத்து அடிச்சா வேற மாதிரி கொட்டும்."

 அவர் சிரித்தார். "சரி, வாங்கிடுறேன். உங்க பலகையத்தான் நம்பமாட்டேன். உங்க வாய்ச்சொல்ல நம்புவேன்."

நானும் சிரித்தேன். கடல் சூடாக இருந்தது உண்மை. வேண்டுமானால் வானிலைப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். குளிர்காற்று வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் என்றுதான் சொன்னேன்.

வரவில்லை. டிசம்பரில் மழை. புத்தாண்டுக்கு மழை. ஜனவரி இருபதுக்கு மேல் இயந்திரத்தில் பனி செய்து, பழுப்பு மலையின் நடுவில் துணியை விரித்துப் போட்ட மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கீற்றைத் திறந்தோம். செகினே ஒரு வாரம்கூட விடாமல் வந்தார். வந்த நாளெல்லாம் ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டார். சேற்றில் புதைந்த காலணி, அளவுகோல், பலகையில் நான் எழுதிய எண். ஒரு படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள், மொகி சொன்னான் என்று எவனாவது பாஸ் வாங்குவானா என்று. அதற்கு செகினே பதில் போட்டிருந்தார். 'பாவம், அவரு என்ன பண்ணுவாரு.'

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பொய்யன் என்றிருந்தால் பொய்யனாகவே இருந்துவிட்டுப் போயிருப்பேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அந்த மலையில் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். காலில் சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு மாதத்துக்கு நான்கு நாள் வருகிற ஒருவர் என்னைப் பாவம் என்கிறார்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி விடியும்போது புதுப் பனி விழுந்திருந்தது. கம்பத்தில் பார்த்தேன். இருபத்தைந்து. பலகையிலும் இருபத்தைந்து என்றே எழுதினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பள்ளம் என்பது உச்சி லிஃப்டுக்குப் பின்னால் இறங்குகிற ஒடுக்கமான சரிவு. அடியில் ஓடை ஓடுகிறது. நல்ல வருடங்களில் ஓடைக்கு மேல் இரண்டு மீட்டர் பனி இறுகி நிற்கும். வண்டியே ஓட்டலாம். இந்த வருடம் அடியில் ஒன்றுமில்லை. புதர் மூங்கில் வளைந்து ஓடையை மூடிக்கொண்டிருந்தது. அதன்மேல் அன்றைய இருபத்தைந்து சென்டிமீட்டர் மெத்தை மாதிரிப் படுத்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நுழைவாயிலில் கயிறு கட்டி, மூடப்பட்டுள்ளது என்று பலகை தொங்கவிட்டிருந்தோம்.

ஒன்பதே கால் மணிக்கு செகினே உச்சியில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தில் சின்னக் கேமரா. கூட யாரும் இல்லை. நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பள்ளத்தைப் பார்த்த பார்வை, பசித்தவன் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இதத் திறக்கவே மாட்டீங்களா மொகி சான்? பாஸ் வாங்குன பாவத்துக்கு ஒரே ஒரு தடவை."

"உங்களுக்காகத் திறக்கிறேன்" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா? எவ்வளவு இருக்கு?"

"எண்பது."

"கீழ இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"அது அடிவாரம். இங்க காத்து கொண்டுவந்து குவிக்கும்."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. அளவுகோலை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எடுத்திருந்தால் நானே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம். நீங்க சொன்னா சரி. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் குத்திப் பார்த்தது தப்பு. அதுக்கே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்."

தலையைத் தாழ்த்தி வணங்கினார். மூன்று வருடம் கழித்து, யாருமே இல்லாத இடத்தில்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். "மூணாவது வளைவுல இடப்பக்கமா போங்க. அங்கதான் நல்லா மெத்துன்னு இருக்கும்" என்றேன். ஓடை மூங்கிலுக்கு அடியில் மறைந்திருப்பது மூன்றாவது வளைவின் இடப்பக்கம்.

அவர் நன்றாகச் சறுக்குவார். முதல் இரண்டு வளைவுகளில் பனி புகை மாதிரி எழும்பியது. வாய்விட்டுக் கத்தினார், சந்தோஷத்தில். மூன்றாவது வளைவில் சத்தம் நின்றது. பிறகு மூங்கில் முறிகிற ஓசை. பிறகு தண்ணீர்.

ரோந்துக்காரன் அந்த இடத்தில் செய்ய வேண்டியது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பலருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். வாக்கி டாக்கியில் இடத்தைச் சொல்ல வேண்டும். கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு மேல்பக்கமாக இறங்க வேண்டும். இரண்டு காலும் பலகையோடு கட்டியிருப்பவன் ஓடையில் விழுந்தால் தானாக எழ முடியாது. பலகை தண்ணீரின் இழுப்பில் மாட்டிக்கொண்டு அவனைக் கீழே அமுக்கும். ஆறேழு நிமிடத்தில் கை மரத்துவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து மூன்று நிமிடத் தொலைவு.

நான் முதலில் கயிற்றைக் கட்டினேன். மூடப்பட்டுள்ளது என்ற பலகையைப் பழையபடி மாட்டினேன். முதல் முடிச்சு தளர்வாக இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினேன். கயிற்றுக்கு அடியில் பனியைக் கையால் கொஞ்சம் கிளறிவிட்டேன், யாரோ குனிந்து நுழைந்துபோன மாதிரி. பிறகு வாக்கி டாக்கியை எடுத்தேன். மணி ஒன்பது ஐம்பது. 'கயிற்றைத் தாண்டி ஒருவர் போன தடம் தெரிகிறது' என்று சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி மிசாத்தோ மலைக்கு வந்தார். கறுப்பு உடை. கையில் துணியில் கட்டிய பலகாரப் பெட்டி. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் இடுப்பு வரை குனிந்தார்.

"அவரு விதியை மீறி உங்களுக்கெல்லாம் பெரிய தொந்தரவு கொடுத்துட்டாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

யொனேதாவும் குனிந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பி அந்த அம்மாள் தனியாகக் கேட்டார். "கயிறு நெசமாவே கட்டித்தான் இருந்துதா, மொகி சான்? அவரு அப்படிச் செய்யுற ஆள் இல்லையே."

"கட்டியிருந்தது" என்றேன். அதுவும் பொய் இல்லை. கட்டித்தான் இருந்தது.

பலகாரத்தை ரோந்து அறையில் பிரித்துச் சாப்பிட்டோம். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

இப்போது மார்ச்சில் ஓடையைச் சுத்தம் செய்தபோது கேமரா கிடைத்திருக்கிறது, படம் கெடவில்லை என்கிறீர்கள். போட்டுக் காட்ட வேண்டாம். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எண்பது என்று சொன்னது இருக்கும். இடப்பக்கம் போகச் சொன்னது இருக்கும். கயிற்றை அவிழ்த்தது என் கைதான். அவரைக் கொன்றது நான்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்குப் பிறகு வருவதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. தண்ணீரிலிருந்து அவர் கூப்பிட்டார். காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே வருவேன் என்று நினைத்திருக்கிறார்.

"மொகி சான், வராதீங்க. இந்தப் பக்கம் வராதீங்க. கீழ ஓடை தெறந்து கெடக்கு. எண்பதெல்லாம் இல்ல, இங்க ஒண்ணுமே இல்ல."

இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரல் சரியாக வரவில்லை. அதைக் கேட்பவர்கள் எல்லோரும் அவருடைய நல்ல மனது என்பார்கள். அந்த அம்மாளும் அப்படித்தான் நினைப்பார். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டவன் நான். சாகிற நேரத்திலும் அந்த மனிதருக்கு என் எண்ணைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை.