சரளையில் ஊற்றிய தண்ணீர்

ஒயின் பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். என் நிலவறையிலிருந்து நீங்கள் அள்ளிக்கொண்டு வந்தவை அத்தனையும் அந்த அலமாரியின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விசாரணை அதிகாரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. படுத்திருந்தால்தான் ஒயின் தக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தக்கை காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று புகும், அப்புறம் முப்பது வருடம் காத்திருந்தது வீண். உள்பக்கம் நனைந்திருந்தால் மட்டும் போதாது, வெளிப்பக்கமும் காயக் கூடாது. அதற்காகத்தான் நிலவறைக் காற்றில் எப்போதும் ஈரம் வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து. நான் இந்த வீட்டில் கேட்டதெல்லாம் அந்த எழுபத்தைந்துதான்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்தே முப்பத்தைந்து வருடம் ஓட்டியிருக்கிறேன். கால் பவர் தப்பினாலும் தலைவலி வரும் என்று தெரிந்தவன். ஆகவே நான் சொல்லும் எண்களை நீங்கள் நம்பலாம். எங்கே பொய்யான எண்களை எழுதினேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், உங்கள் வேலை குறையட்டும்.

என்னிடம் இருப்பவை சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் இனிப்பு ஒயின்கள் மட்டும். மற்றதெல்லாம் தாகத்துக்குக் குடிப்பது. இதற்கான திராட்சையை அறுவடை முடிந்த பிறகும் கொடியிலேயே விட்டுவைப்பார்கள். காலைப் பனியில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூஞ்சை படரும். அது தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். பழத்தின் தண்ணீர் ஆவியாகிப் போகும், இனிப்பு மட்டும் மிஞ்சும். பார்க்கச் சகிக்காது. அதைப் பிழிந்து, பாட்டிலில் அடைத்து, இருட்டில் இருபது முப்பது வருடம் தொடாமல் வைத்தால் வெளிர் மஞ்சள் மெல்லத் தேன் நிறமாகும். கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். "பூசணம் புடிச்ச பழத்துக்கா இவ்ளோ பவுசு?" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்தேன். அடுத்த இருபத்தெட்டு வருடமும் அதே கேள்வியை அவள் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் ரயில் ஏறியது. ஒரே மூச்சில் பதினொரு ஊர்ப் பெயர்களைச் சொல்வாள். அதே மூச்சு வீட்டில் என்னைக் குறை சொல்லப் பயன்பட்டது. எங்களுக்குள் ஆகாது, அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் ஒரு சின்னக் கிளாசில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் சரியாக அப்போதுதான் மிக்ஸியை ஓட்டுவாள். நானும் சும்மா இருந்தவன் இல்லை. அவள் பேசி முடிக்கும்வரை பேப்பரை முகத்திலிருந்து இறக்க மாட்டேன். ஆனால் வெறுப்பு வேறு, கொலை வேறு. வெறுத்துக்கொண்டே எத்தனையோ குடும்பங்கள் சௌக்கியமாக வாழ்கின்றன.

எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழேதான் நிலவறை. நடுவில் பலகைத் தளம். நிலவறையில் சிமெண்ட் பூசாமல் சரளைக்கல் பரப்பியிருக்கிறேன். தண்ணீரைச் சரளையில் ஊற்றினால் அது கல்லிடுக்கில் தங்கி, மெல்ல மெல்லக் காற்றில் ஏறும். அதற்கு மேல் நல்ல முறை எதுவும் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இருமல் வந்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. அறிவிப்பின் நடுவே நிறுத்தி மூச்சு எடுக்க ஆரம்பித்தாள். பயணிகள் மேலே பார்த்தார்களாம். அதைச் சொல்லி அழுதாள். நுரையீரல் டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க இருந்தா அதிகமா இருக்கு?"

"ஸ்டேஷன்ல பரவால்ல டாக்டர். வீட்டுக்கு வந்தாதான் அடைக்குது."

பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அந்தக் காற்றையே இழுத்துக்கொண்டிருந்தால் நுரையீரல் இறுகிவிடும், வீட்டைக் காய வைத்தால் அத்தோடு நின்றுவிடும், விட்டால் திரும்பாது என்றார். தினமும் படுக்கையறை ஈரத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். ஐம்பதுக்குக் கீழே வர வேண்டுமாம்.

ஐம்பது. அந்த மனிதர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கீழே எங்கள் கல்யாண வருடத்து ஒயின் படுத்திருந்தது. பன்னிரண்டு வாங்கியதில் நான்கைத் திறந்தாயிற்று, மிச்சம் எட்டு. முப்பதாவது வருடம் அது உச்சத்துக்கு வரும். இன்னும் நான்கே வருடம். பாட்டில்களை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன என்று அவள் கேட்டாள். வண்டியில் குலுங்கினால் கெட்டுவிடும் என்றேன். "நானும்தான் குலுங்கிக் குலுங்கி இருமறேன்" என்றாள். பாட்டிலா, நானா என்று அவள் நேராகக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

அவளே ஒரு மெஷின் வாங்கி வந்தாள். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி அடியிலுள்ள தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும். நாளைக்கு நான்கு லிட்டர். அவளால் தூக்க முடியாததால் தொட்டியைக் காலி செய்வது என் வேலையானது. "எங்க ஊத்தறீங்க?" என்று முதல் நாள் கேட்டாள். தோட்டத்தில் என்றேன். கீழே கொண்டுபோய்ச் சரளையில் ஊற்றினேன். அது ராத்திரி பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும், காலையில் மெஷின் பிடித்துக் கொடுக்கும், நான் மறுபடி கீழே ஊற்றுவேன். ஏறக்குறைய மூன்று வருடம் ஒரே தண்ணீர் மேலும் கீழும் போய்வந்தது. ஒரு சொட்டு வீணாகவில்லை.

படுக்கையறை ஈரமானியின் பின்பக்கம் ஒரு குட்டித் திருகாணி உண்டு. கண்ணாடிக் கடைக்காரனிடம் அதற்கான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் போகுமா? கால் திருப்பு திருப்பினேன். முள் நாற்பத்தெட்டில் போய் நின்றது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு என்று நோட்டில் எழுதினேன். தினமும் ஒரே எண் எழுதினால் சந்தேகம் வரும். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எழுதிய குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டினார். வீடு காய்ந்துதான் இருக்கிறது, அப்படியானால் காரணம் வேறு என்றார். நடைமேடையில் டீசல் புகை அதிகம் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவரும் தலையாட்டினார். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னார். ஜன்னலைச் சாத்தி வைப்பது நல்லது என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

வேலைக்குப் போன கடைசி நாள் அவளுக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். மைக்கைக் கொடுத்து ஒரு வண்டியை அறிவிக்கச் சொன்னார்கள். ஆறாவது ஊரில் மூச்சு நின்றது. மீதி ஐந்தையும் வேறொருத்தி படித்தாள். பாவமாகத்தான் இருந்தது. எனக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று என் மச்சினன் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான், அது அபாண்டம்.

இருபத்தெட்டாவது கல்யாண நாளில் அந்தப் பாட்டில்களில் ஒன்றைத் திறந்தோம், அதையும் சொல்ல வேண்டும். அவள் வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்னால் அது. பன்னிரண்டில் ஐந்தாவது, அதோடு மிச்சம் ஏழு. அவளுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"நனஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருதுங்க."

"மூக்கு போச்சு உனக்கு."

"இல்லங்க, நம்ம பீரோவுல வர்ற அதே வாசனை. கெட்டுப்போச்சு போல. மிச்சத்தையாவது எடுத்து வேற எங்கயாவது வைங்க."

எனக்குத் தேனும் ஆரஞ்சுத் தோலும்தான் மணந்தன. ஒயினைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று எரிச்சல் வந்தது. அவள் கிளாசையும் நானே குடித்து முடித்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அவள் போய்விட்டாள். ஒரு மத்தியானம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி. கடைசி வாரங்களில் அவளால் குறை சொல்லக்கூட முடியவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

அவள் தம்பி பிரிட்ஜ் மெக்கானிக். என் நிலவறைக்குக் குளிர்சாதனம் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அக்காவின் துணிகளை எடுத்துப் போக வந்தான். பீரோவைத் திறந்தான். அவள் வேலைக்குப் போட்டுப்போன ஷூ இரண்டும் வெள்ளையாகப் பூத்திருந்தன. சுவரில் ஈரமானி நாற்பத்தெட்டு காட்டியது. போய் வண்டியிலிருந்து தன் ஈரமானியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அது எண்பத்தொன்று காட்டியது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது மாமா" என்றான்.

அவன் என் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு, ஒரு ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டைச் சோதனை போட முத்திரை வைத்தீர்கள், பதினெட்டு நாள் நான் என் அண்ணன் வீட்டில் தங்கினேன். அது எலும்பு மாதிரி காய்ந்த வீடு.

திரும்பி வந்து என் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலிலேயே அந்த வாசனை அடித்தது. நனைந்த அட்டைப்பெட்டி. இத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்து என் மூக்கு மரத்துப்போயிருக்கிறது. பதினெட்டு நாள் சுத்தமான காற்றில் இருந்ததும் பிழைத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. நேராகக் கீழே ஓடினேன். கல்யாண வருடத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். அதே வாசனை. பூஞ்சை தக்கையில் ஏறி உள்ளே இறங்கியிருந்தது. இரண்டாவதைத் திறந்தேன், மூன்றாவதை. ஏழையும் திறந்துவிட்டு அந்தச் சரளையிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் நீங்கள் வந்து பார்த்தபோது என் கண் வீங்கியிருந்தது என்று குறித்துக்கொண்டீர்களே, அது இதனால்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரை ஊற்றியது நான். முள்ளைத் திருப்பியது நான். நோட்டில் எழுதியதும், டாக்டரிடம் டீசல் புகை என்றதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். மச்சினன் சொல்வதில் ஒன்று மட்டும் நியாயம், அவன் அக்கா பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. கல்யாண நாளன்று அவள் சொன்னபோதே கேட்டிருந்தால், அந்த ஏழு பாட்டில்களும் பிழைத்திருக்கும்.