குழாயும் டப்பாவும்

என் மச்சினனைப் போல ஆளைச் சிரிக்கவைக்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஐயா. என் மனைவிக்கு ஒரே தம்பி. ஆய்வுக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் வந்த பிறகு எங்களுக்கு பம்ப் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

எங்கள் வேலை எளிது. கண்ணாடிக் கலத்தில் கொஞ்சம் வாயுவை அடைத்து, அதன் வழியே மில்லிமீட்டர் அலையை அனுப்புவோம். ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த அலைவெண்களை மட்டும் விழுங்கும். எதை விழுங்கியது என்று பார்த்தால், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அலையை உண்டாக்க என்னிடம் ஒரு வெற்றிடக் குழாய் இருந்தது. காந்தத்தின் நடுவே உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும். காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சூடேறிவிட்டால் யானை பலம். மச்சினன் கொண்டுவந்தது சோப்பு டப்பா அளவுதான். குறைந்த அலைவெண்ணை எடுத்து, சில்லுகளால் மடங்கு மடங்காகப் பெருக்கும்.

"மாமா, உங்க குழாய் கத்துது. என் டப்பா பேசுது," என்பான்.

இயக்குநர் அம்மா சொன்னார்: "ரெண்டையும் ஒரே வாயுல ஓட்டிப் பாருங்க. ஜெயிக்கிற கருவி இருக்கட்டும். இன்னொண்ணுக்கு இங்க இடமில்ல."

ஓட்டினோம். பலத்தில் குழாய்தான். ஆனால் அலைவெண் மெல்ல நழுவியது. வாயு விழுங்கிய இடங்களைக் காட்டும் கோடுகளில், ஒட்டி நின்ற இரண்டை ஒரே தடித்த பள்ளமாகக் காட்டியது. டப்பா முனகிக்கொண்டே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. மறுபேச்சுக்கு இடமில்லை. நானே கைகொடுத்தேன். அன்று வீட்டில் கேக் வெட்டி, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

குழாயைக் கழற்றும் வேலையை மச்சினனிடமே விட்டேன். அதற்கு முன்பு ஒரு சின்ன வேலை செய்தேன். அதன் மின்பெட்டியில், சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் மின்தேக்கிகள் உண்டு. அதை வடித்துவிடும் இணைப்பை எடுத்துவிட்டேன்.

"மாமா, மெயினை அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சுடா. பிளக்கையே உருவிட்டேன்."

பொய் சொல்லவில்லை. உருவித்தான் இருந்தேன். ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டான். ஜோக்கின் முடிவைக் கேட்க முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விபத்து என்றார்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். மனைவியும் மெல்லத் தேறிவருகிறாள். ஆனால் உங்கள் ஆட்கள் 'ஆபத்தான பழைய கருவி' என்று முடிவுகட்டி, குழாயை உடைத்துப் போடச் சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனைக் கொன்றது நான். குழாய் ஒரு பாவமும் அறியாதது.

வாயில்லாத ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்போது என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, ஐயா. என் மனசு அப்படி.